பின்காவல்

தந்தையாரின் நோய் முற்றிவிட்ட நிலையில், "இனி வீட்டுக்கே அழைத்துச் சென்றுவிடுவோம்" என்று முதலில் சொன்னவன் நான். சொன்னது தவறன்று. ஆனால் மூன்றாம் நாளே, விடுப்பு முடிந்ததென்று பணியிடம் திரும்பிவிட்டேன். எஞ்சிய நாற்பது இரவுகளும் அக்காவின் பொறுப்பாயின. அண்மையில் ஒரு வரலாற்று நிகழ்ச்சியைப் படித்தபோது அந்த இரவுகள் என்முன் வந்து நின்றன.

1745ஆம் ஆண்டு. பிரித்தானிய அரியணையைத் தம் தந்தைக்கு மீட்டுத்தர, கத்தோலிக்க இளவரசர் சார்லஸ் எட்வர்ட் ஸ்டூவர்ட் ஸ்காட்லாந்திலிருந்து படையுடன் இங்கிலாந்துக்குள் புகுந்தார். டிசம்பர் 4 அன்று டெர்பி நகரை அடைந்தார். எதிர்பார்த்த ஆங்கிலேயர் ஆதரவும் பிரெஞ்சுப் படையும் வரவில்லை. மறுநாள் கூடிய ஆலோசனை அவையில், "திரும்பிவிடுவோம்" என்று வற்புறுத்தியவர் தளபதி ஜார்ஜ் மரே. இளவரசர் மனம் கசந்து இசைந்தார்.

திரும்பச் சொன்ன மரே முன்னே செல்லவில்லை. பின்காவலைத் தாமே ஏற்றார். ஒரு பீரங்கிக் குண்டையும் விட்டுவரலாகாது என்பது இளவரசரின் ஆணை. வழியில் வண்டிகள் ஒடிந்தன. சுமக்கும் குண்டு ஒன்றுக்கு ஆறு பென்ஸ் கொடுத்து, வீரர்களைக் கொண்டே அவற்றை எடுத்துச் சென்றார், அதனால் பிந்தினார். டிசம்பர் 18 அன்று பென்ரித் அருகே, கிளிஃப்டன் என்னும் சிற்றூரில், கம்பர்லாந்து கோமகனின் குதிரைப்படை அவரை எட்டிப் பிடித்தது.

போரிடாமல் வந்து சேருமாறு இளவரசர் ஆணை அனுப்பினார். பகைவர் அருகிருக்க முதுகு காட்டினால் அழிவே என்றுணர்ந்த மரே அதற்கு இணங்கவில்லை. இருள் கவிந்தபின், மக்பர்சன் குலத்தாருடன் வாளேந்திப் பாய்ந்தார். குதிரைவிட்டு இறங்கியிருந்த அரசு வீரர்கள் பின்வாங்கினர். இருபுறமும் மடிந்தோர் சிலரே. ஆயினும் துரத்தல் அன்றிரவு நின்றது. கார்லைல் கோட்டையில் விடப்பட்ட காவலர் நீங்கலாக, படை டிசம்பர் 20 அன்று எஸ்க் ஆற்றைக் கடந்து ஸ்காட்லாந்து சேர்ந்தது.

1746இல் கல்லோடனில் எல்லாம் முடிந்தது. இளவரசர் மரேயை மன்னிக்கவே இல்லை. 1760இல் நெதர்லாந்தில், நாடிழந்தவராக அவர் இறந்தார்.

திரும்பிவிடுவோம் என்று நானும்தான் சொன்னேன். சொன்னவன் கடைசி ஆளாக நடந்திருக்க வேண்டும்.

இவ்வாண்டு தந்தையாரின் நினைவு நாளில் அக்காவின் இல்லம் சென்றேன். அந்த நாற்பது இரவுகளைப் பற்றி முதன்முறையாகக் கேட்டேன். அக்கா விடியும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.