ஒன்பதில் நிறுத்துவதா, பதின்மூன்றிலா?

ஞாயிறு, இரவு

பயோவேர் உருவாக்கி 2000இல் வெளிவந்த 'பால்டர்ஸ் கேட் 2'ஐ மறுபடி முதலிலிருந்து ஆடப் போகிறேன். இந்த முறை என் நாயகன் ஒளிந்து நடக்கிறவன். ஆனால் ஆளைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்றால் ஓடக் கூடாது. நின்று வெட்ட வேண்டும். பாதி திருடன், பாதி வாள்வீரன்.

எல்ஃப், ஹாஃப்லிங் மாதிரியான இனங்களுக்கு இதில் சிக்கலே இல்லை. மல்ட்டி கிளாஸ் எடுத்தால் போதும். கிடைக்கிற அனுபவப் புள்ளிகளை இரண்டு தொழிலும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டு கடைசிவரை கூடவே வளரும். மனிதனுக்கு அந்த வசதி கிடையாது. அவனுக்கு இருப்பது டூயல் கிளாஸ் மட்டும்தான். ஒரு தொழிலில் ஓரளவு வளர்ந்தபின் அதை நிறுத்திவிட்டு, இன்னொன்றை ஒன்றாம் லெவலிலிருந்து தொடங்க வேண்டும். நிறுத்திய தொழில் அப்புறம் ஒரு லெவல்கூட ஏறாது. புதிய தொழில் பழைய லெவலைத் தாண்டும்வரை பழைய வித்தை எதையும் தொட முடியாது. தாண்டிவிட்டால் இரண்டும் கைவசம்.

எல்ஃபை எடுத்தால் இன்றைக்கே ஆட்டம் தொடங்கிவிடலாம். மனிதனைத்தான் எடுக்கிறேன். எதை எப்போது விடுவது என்று யோசிக்க வைக்கிற விதி இது ஒன்றுதான்.

திங்கள்

விதியின் வேரைத் தேடினால் மேசையில் பகடை உருட்டி ஆடிய காலத்துக்குப் போகிறது. கேரி கைகாக்ஸ் எழுதி 1978இல் வந்த அட்வான்ஸ்டு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 'பிளேயர்ஸ் ஹேண்ட்புக்'கிலேயே மனிதர்களுக்கு மட்டும் என்று இது இருக்கிறது. 1989இல் வந்த இரண்டாம் பதிப்பும் அதைக் கைவிடவில்லை. பால்டர்ஸ் கேட் வரிசையின் முதல் இரண்டு விளையாட்டுகளும் அந்த இரண்டாம் பதிப்பின் மேல் கட்டியவை.

மேசையில் ஒரு சபலத்துக்கு இடம் உண்டு. புதுத் தொழிலில் தட்டுத்தடுமாறும்போது உயிர் போகிற நிலை வந்தால் பழைய வித்தையை எடுத்துவிடலாம், யாரும் கையைப் பிடிக்க மாட்டார்கள். ஆனால் அந்த மோதலுக்கான அனுபவப் புள்ளி போய்விடும், அந்தச் சாகசத்துக்கானதில் பாதியும் போய்விடும். கணினியில் பேரமே கிடையாது. பழைய வித்தைக்குப் பூட்டுப் போட்டுவிடுகிறது.

2000இலேயே மூன்றாம் பதிப்பும் வந்து, இந்தப் பிரிவினையை எடுத்துவிட்டது. எந்த இனமானாலும் ஒவ்வொரு லெவலிலும் விரும்பிய தொழிலை ஏற்றிக்கொள்ளலாம் என்றானது. வசதிதான். ஆனால் அதில் பழைய வித்தையை இழக்க வேண்டியதில்லை, அதனால் திட்டம் போடுவதிலும் அத்தனை பதைப்பு இல்லை.

செவ்வாய்

எது முதலில்? திருடனா, வீரனா?

திருடனை முதலில் வைத்தால் அவனுடைய வித்தைகள் நிறுத்திய இடத்திலேயே உறைந்துவிடும். விளையாட்டே இதற்குச் சாட்சி வைத்திருக்கிறது. கதையில் வரும் நாலியா நான்காம் லெவலோடு திருட்டை விட்டு மந்திரவாதியானவள். இமோயன் ஏழோடு விட்டவள். நாலியாவால் போகப்போகப் பெரிய பூட்டுகளையும் பொறிகளையும் சமாளிக்க முடிவதில்லை; இமோயனின் திருட்டுத் திறனும் விட்ட இடத்திலேயே நின்றுவிடுகிறது. மந்திரம் எத்தனை ஏறினாலும் அது மாறாது.

முதுகில் குத்துவதற்கும் இதே கதி. பேக்ஸ்டாப்பின் பெருக்கம் திருடனின் லெவலைப் பொறுத்தது: நான்கு வரை 2 மடங்கு, ஐந்திலிருந்து 3, ஒன்பதிலிருந்து 4, பதின்மூன்றிலிருந்து 5. ஒளிந்து அடிப்பதே பிழைப்பு என்றால் கடைசிவரை வளர வேண்டியவன் திருடன். ஆகவே வீரன் முதலில்.

வீரர்களிலும் கென்சாய் என்ற சிறப்புப் பிரிவு. இவன் கவசம் போடக் கூடாது, கையுறையோ கைக்காப்போ அணியக் கூடாது, அம்பு எய்யக் கூடாது. பதிலுக்கு மூன்று லெவலுக்கு ஒருமுறை குறியிலும் அடியிலும் ஒரு புள்ளி கூடும். 'காய்' என்ற சக்தியும் உண்டு. அதை எழுப்பினால் பத்து விநாடிக்கு ஒவ்வொரு அடியும் உச்ச அளவில் விழும். கனமான கவசம் போட்ட திருடனால் எப்படியும் ஒளிய முடியாது. கென்சாய்க்குப் பெரிய தண்டனையாக இருக்கும் இந்தத் தடை, திருடனாக மாறப் போகிறவனுக்குப் பாதி தண்டனைதான். இரண்டும் பொருந்துகிற இடம் இது.

ஒரு குறையும் உண்டு. இரண்டாவதாக எடுக்கும் தொழிலில் சிறப்புப் பிரிவு கிடைக்காது. அசாசின் ஆக முடியாது, வெறும் திருடன்தான். ஐந்து மடங்கோடு சரி.

புதன், நள்ளிரவு தாண்டி

பகடைத் திரையில் உட்கார்ந்திருக்கிறேன். இந்த விதிக்குள் நுழையவே கட்டணம் உண்டு. விட்டுவிடப் போகும் தொழிலின் முதன்மைப் பண்பு 15க்குக் குறையக் கூடாது. எடுக்கப் போகும் தொழிலினுடையது 17க்குக் குறையக் கூடாது. ஆக எனக்கு வேண்டிய குறைந்தபட்சம் வலிமை 15, சுறுசுறுப்பு 17. கவசமே இல்லாதவன் என்பதால் சுறுசுறுப்பை 18ஆக்காமல் விட மாட்டேன்.

'ரீரோல்' பொத்தானை அழுத்த அழுத்த எண்கள் மாறுகின்றன. மொத்தம் 79. அழுத்து. 82. அழுத்து. வலிமை 18 வந்தால் பக்கத்தில் ஒரு சாய்கோடு போட்டு நூற்றுக்கு இத்தனை என்று இன்னொரு எண் வரும். சண்டைக்காரர்களுக்கு மட்டும் கிடைக்கிற தனிச் சலுகை. 18/07 வந்தது, எரிச்சலாக இருந்தது. அழுத்து. 88, வலிமை 18/76. கை தானாக நின்றுவிட்டது. அறிவிலிருந்தும் வசீகரத்திலிருந்தும் எடுத்து உடலுறுதியில் போட்டேன். பேசி ஜெயிக்க வேண்டிய இடங்களுக்கு வேறு ஆளைச் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆயுதம் தேர்வதிலும் முன்யோசனை வேண்டும். திருடன் தொடக்கூடிய ஆயுதத்தால் மட்டுமே முதுகில் குத்த முடியும். இரு கை வாளில் வித்தகனாகிவிட்டு அப்புறம் ஒளிந்து பயனில்லை. கட்டானா திருடனுக்கும் ஆகும். அதன் பகடையும் பத்து முகம். ஒன்பதாம் லெவலுக்குள் வீரனுக்கு ஏழு பயிற்சிப் புள்ளிகள் வரும். ஐந்தைக் கட்டானாவுக்கும் இரண்டை இரட்டை ஆயுத முறைக்கும் ஒதுக்கிவிட்டேன். அத்கட்லா நகரின் கோயில் பகுதியில் காவல் போட்ட ஒரு வீடு இருக்கிறது. 'செலஸ்டியல் ஃபியூரி' என்ற கட்டானா அங்கேதான். அது எனக்கு.

வியாழன்

இன்று முழுக்கக் கணக்கு. எங்கே நிறுத்துவது?

ஆட்டம் தொடங்கும்போதே கையில் 89,000 புள்ளி. கென்சாய்க்கு அது ஏழாம் லெவல். அங்கேயே மாறலாம், திருடன் எட்டாக 70,000 போதும், பூட்டு சீக்கிரமே திறந்துவிடும். ஆனால் கென்சாயின் கூடுதல் புள்ளி இரண்டோடு நின்றுவிடும்.

ஒன்பது என்றால் 2.5 லட்சம். திருடன் பத்தாக இன்னொரு 1.6 லட்சம். ஆக 4.1 லட்சத்தில் இருவரும் ஒருவராவார்கள். வீரனுக்குப் பத்து முகப் பகடை உருட்டி உயிர்ப்புள்ளி ஏறுவதும் ஒன்பதோடு முடிகிறது, அதன்பின் லெவலுக்கு மூன்றே மூன்று. இயல்பாகவே அது ஒரு நிறுத்தம்.

பதின்மூன்றில் இன்னொரு ஆசை காத்திருக்கிறது. ஒரு சுற்றில் விழும் அடிகள் அரை கூடும். விலை 12.5 லட்சம். திருடன் பதினான்காக 8.8 லட்சம். மொத்தம் 21.3 லட்சம். மூல விளையாட்டின் உச்சவரம்போ 29.5 லட்சம்.

காகிதத்தில் பதின்மூன்றுதான் பலசாலி. ஆனால் அந்தப் பலசாலி பிறக்கும்போது பாதைகளில் பெரும்பாலானவை நடந்து முடிந்திருக்கும். அத்கட்லாவின் சந்துகள், திருடர் சங்கத்தின் சதிகள் என ஒளிந்து நடக்கவே செய்து வைத்த இடங்களையெல்லாம் அரைகுறை ஆளாகக் கடந்துவிட்டு, மிச்சக் கொஞ்சத்தில் முழுமை பெற்று என்ன செய்ய?

வெள்ளி

தம்பி வந்திருந்தான். காகிதத்தைப் பார்த்துவிட்டு, "அண்ணா, இது விளையாட்டா, வரவுசெலவுத் திட்டமா?" என்றான்.

விளக்கினேன். கடைசியில் அவன் கேட்டது சரியான கேள்வி. "நடுவுல அந்தப் பூட்டுப் போட்ட காலத்துல என்ன பண்ணுவ?"

அதற்கும் திட்டம் இருக்கிறது. முதலாம் லெவல் திருடனுக்கு வாள் வீச்சு படுமோசம்; உயிர்ப்புள்ளி மட்டும் பழைய வீரனுடையது அப்படியே இருக்கும், ஏறாது. ஆகவே முன்வரிசையில் வேறு இருவர் நிற்பார்கள். வேலையை முடித்தும் பரிசு வாங்காமல் வைத்திருக்கும் பணிகளைத் தொழில் மாறியபின் போய் ஒப்படைப்பேன். அந்தப் பரிசுப் புள்ளி பிரியாமல் ஒவ்வொருவருக்கும் முழுசாக வரும். கொன்றதற்கான புள்ளிதான் தலைக்கு இத்தனை என்று பிரியும், அதனால் கூட்டத்தைச் சின்னதாக வைத்துக்கொள்வேன். பூட்டுத் திறந்தால், பொறி அகற்றினால் அதற்கும் புள்ளி உண்டு.

லெவலுக்கு 25 திறன் புள்ளி. நிழலில் மறைவது, ஓசையின்றி நடப்பது இரண்டுக்கும் சரிசமமாகப் போடுவேன். விளையாட்டு இரண்டின் சராசரியைத்தான் பார்க்கிறது, ஒன்றை மட்டும் வளர்த்துப் பயனில்லை.

"முழுசாத் திறந்தா எப்படி இருக்கும்?"

சொன்னேன். எதிரி பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒளிய முடியாது. ஆகவே கதவுக்கு இந்தப் பக்கம், மூலையில் நின்று மறைய வேண்டும். உருவம் மங்கியதும் உள்ளே போய், சுவரோரமாகச் சுற்றி, மந்திரவாதியின் முதுகுக்குப் பின்னால் நிற்க வேண்டும். காயை எழுப்ப வேண்டும். கட்டானாவின் பகடை உருளாமலே பத்தில் நிற்கும். நான்கு மடங்கு. பகடையில் மட்டுமே நாற்பது, மற்றவை தனி. அதன்பின் ஒளிவு கலைந்துவிடும், சுற்றியிருப்பவர்கள் திரும்புவார்கள். வெறும் திருடன் ஓட வேண்டிய இடம் அது. இவன் நிற்பான்.

"அந்த நிக்கறதுக்காகத்தானா இவ்வளவும்?" என்றான். ஆமாம் என்றேன்.

சனி

ஒன்பது என்று முடிவாகிவிட்டது. திட்டம் போடும்போது கடைசி லெவலை மட்டும் பார்ப்பது பெரிய மயக்கம். அந்த லெவலில் எத்தனை மணி நேரம் ஆடப் போகிறோம் என்பதை அட்டவணை சொல்வதில்லை. ஒன்பதில் நிறுத்தினால் 25.4 லட்சம் புள்ளிக்கான பாதை முழு ஆளாக நடக்கக் கிடைக்கிறது, பதின்மூன்றில் 8.2 லட்சம் மட்டுமே. சுற்றுக்கு அரை அடி என்பது அத்தனை வித்தியாசத்துக்குத் தகுந்த ஈடு இல்லை. வரம்பைத் தொடும்போது ஒன்பதில் நிறுத்தியவனின் திருடன் 22ஆம் லெவலில் இருப்பான், மற்றவனின் திருடன் 17இல். ஒளிவதற்கென்று ஒருவனை உருவாக்கும்போது இதில் தயங்க ஒன்றுமில்லை.

இன்று மாலை தொடங்குகிறேன். 2.5 லட்சம் வந்ததும் வாள் வித்தையை மூட்டை கட்டிவிட வேண்டியது. அதற்குள் முன்வரிசைக்கு நல்ல ஆட்களாக இருவரைப் பிடிக்க வேண்டும்.