அப்பத்தாவும் ரெண்டு வாரத் தலைமைப் பயிற்சியும்

போன மாதம் எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு நோட்டீஸ் வந்தது. வெளிநாட்டில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடம். அங்கே போய் இரண்டு வாரம் தங்கி, பிள்ளைகளுக்கு எழுதப் படிக்கவும், கூடவே தலைமைப் பண்பும் சொல்லிக் கொடுக்க வேண்டுமாம். தங்க இடம், சாப்பாடு, கடைசியில் ஒரு சான்றிதழ். கட்டணம் ஒரு லட்சத்துச் சொச்சம். விமான டிக்கெட் நம் செலவு. (நடத்துகிற கம்பெனியின் பெயர் இங்கே வேண்டாம். வம்பு எதற்கு!)

எங்கள் செட்டில் இரண்டு பேர் போவதாக முடிவு செய்துவிட்டார்கள். ஒருத்தி என்னையும் கூப்பிட்டாள். "வாடி, ரெஸ்யூமில போட்டா எம்புட்டு வெயிட்டு தெரியுமா?" என்றாள். வெயிட்டுதான், மறுக்கவில்லை. எங்கள் வீட்டில் ஒரு லட்சம் கிடையாது என்பது நான் போகாததற்கு முதல் காரணம். இரண்டாவது காரணம் எங்கள் அப்பத்தா. இங்கே எழுதப் போவது அந்த இரண்டாவதைப் பற்றி.

என் ஊர் பாலவனத்தம். விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டை போகிற வழியில் இருக்கிறது; பஸ்ஸில் கண் அசந்தால் தாண்டிவிடும். கரிசல் காடு, மானாவாரி. மழை பெய்தால் பருத்தி, சோளம், மல்லி. பெய்யாவிட்டால் சீமைக்கருவேலம், கரிமூட்டம். ஆனால் தமிழ் படித்தவர்களிடம் ஊர்ப் பெயரைச் சொன்னால் கொஞ்சம் நிமிர்ந்து பார்ப்பார்கள். 1901-இல் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் பாலவனத்தம் ஜமீன்தார். புலவர்களை ஆதரித்தவர், வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனிக்குத் தலைவராக இருந்தவர். அவரைக் குறை சொல்ல எனக்கு எந்த யோக்கியதையும் இல்லை. ஆனாலும் அந்தச் சங்கம் தொடங்கித் தொண்ணூறு வருடம் ஆன பிறகும், அதே பாலவனத்தத்தில் எங்கள் அப்பத்தா ரேஷன் கடையில் கட்டை விரலைத்தான் நீட்டிக்கொண்டிருந்தது. அப்பத்தா மட்டும் இல்லை. 1991 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு 51 பேர்தான், அதுவும் ஏழு வயதுக்கு மேற்பட்டவர்களில்.

அந்தச் சமயத்தில்தான் அறிவொளி இயக்கம் வந்தது. 1988-இல் மத்திய அரசு தேசிய எழுத்தறிவு இயக்கத்தைத் தொடங்கியது. 1990-இல் கேரளாவின் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அதைப் பார்த்து மற்ற மாவட்டங்களும் இறங்கின. தமிழ்நாட்டில் மாவட்ட ஆட்சியர்களும் தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் கைகோத்தார்கள். எங்கள் மாவட்டத்துக்கு அப்போது காமராஜர் மாவட்டம் என்று பெயர். முதலில் கலைக்குழு வந்து தெருவில் பாட்டும் நாடகமும் போடும். அப்புறம் ஊரில் யாருக்கெல்லாம் எழுத்து தெரியாது என்று வீடு வீடாகக் கணக்கெடுப்பார்கள். அப்புறம் தொண்டர்களைத் தேடுவார்கள். மூன்று பாடப் புத்தகங்கள், மொத்தம் சுமார் 200 மணி நேரப் படிப்பு. தொண்டருக்குச் சம்பளம் கிடையாது.

அப்பத்தாவுக்கு வாய்த்த தொண்டர் எங்கள் தெருப் பெண்தான். பத்தாவது முடித்துவிட்டுத் தீப்பெட்டி ஆபீசுக்குக் கட்டை அடுக்கப் போய்க்கொண்டிருந்த பிள்ளை, பதினேழு வயது. அப்பத்தாவுக்கு அப்போது முப்பதைத் தாண்டிவிட்டது. சாயங்காலம் வேலை முடிந்து வந்து, குளித்து, சாப்பிட்டுவிட்டு ஊர் மடத்தில் அரிக்கேன் விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டு காத்திருக்குமாம். யாராவது வராவிட்டால் வீட்டுக்கே வந்து கூப்பிடும்.

"எப்படி அப்பத்தா உனக்குப் போகத் தோணுச்சு?" என்று கேட்டேன்.

"எங்கத்தா தோணுச்சு? அவ எனக்கு மொறைக்கு மதினி மக. நான் போகலைன்னா மறுநாள் கொழாயடில அவ மூஞ்சில எப்படி முழிக்க?"

இந்தப் பதிலை நான் பல நாள் யோசித்திருக்கிறேன். எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் இது இருக்காது. சொல்லிக் கொடுத்தவளும் கற்றுக்கொண்டவளும் மறுநாள் காலை ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்க வேண்டியவர்கள். இருநூறு மணி நேரமும் அதை நம்பித்தான் நடந்தது.

அப்பத்தாவுக்கு நினைவிருக்கிற முதல் வார்த்தை "பட்டா". அனா ஆவன்னாவில் ஆரம்பிக்கவில்லை. நிலம் இருக்கிறவர், இல்லாதவர் எல்லோருக்கும் தெரிந்த வார்த்தை அது. அதை எழுதிக் காட்டியவுடன் யாருக்கு இருக்கிறது, யாருக்கு இல்லை, ஏன் இல்லை என்று மடத்தில் பேச்சு கிளம்பிவிடுமாம். "பாதி நேரம் சண்டைதேன்" என்று அப்பத்தா சிரிக்கும். பிரேசிலில் பாவ்லோ பிரையர் என்ற கல்வியாளர் 1963-இல் ஆங்கிக்கோஸ் என்ற ஊரில் சுமார் 300 கூலித் தொழிலாளர்களுக்கு 40 மணி நேரத்தில் எழுத்து கற்றுக் கொடுத்த முறையும் இதே மாதிரிதான்: அவர்கள் வாழ்க்கையில் புழங்குகிற சொல்லை எடு, அதைப் பற்றிப் பேச விடு, பேச்சோடு எழுத்தும் வரும். மறு வருடம் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் அவரைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். பேச விட்டால் என்ன ஆகும் என்று அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது!

என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்திலேயே உதாரணம் உண்டு. ஆந்திராவின் நெல்லூர் மாவட்டத்தில் தூபகுண்டா என்று ஒரு கிராமம். அங்கே எழுத்தறிவு வகுப்பில் சாராயத்தால் சீரழிந்த ஒரு குடும்பத்தின் கதை பாடமாக இருந்தது. படித்த பெண்கள் "இது நம்ம வீட்டுக் கதை" என்று எழுந்து போய் ஊர்ச் சாராயக் கடையை மூட வைத்தார்கள். 1992-இல் அது மாநிலம் முழுக்கப் பரவி, 1993 அக்டோபரில் அரசாங்கமே சாராயத்தைத் தடை செய்ய வேண்டி வந்தது.

தமிழ்நாட்டில் சொல்ல வேண்டிய கதை புதுக்கோட்டை. ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத்தும் அறிவொளிக்காரர்களும் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்தார்கள். காரணம் ரொம்பச் சாதாரணம். பெண் தொண்டர்கள் ஊர் ஊராகப் போக வேண்டும், பஸ் கிடையாது, கொண்டுபோய்விட ஆண் வேண்டும் என்றால் வேலை நடக்காது. பிறகு படிக்க வந்த பெண்களும் ஓட்ட ஆரம்பித்தார்கள். 1992 மகளிர் தினத்தன்று 1,500 பெண்கள் சைக்கிளில் ஊர்வலம் போயிருக்கிறார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் பிறகு அங்கே போய் எழுதிய கட்டுரையில் ஒரு லட்சம் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டதாகக் கணக்கு சொல்கிறார். அதில் எனக்குப் பிடித்த விஷயம், பலர் ஆண்கள் ஓட்டும் சைக்கிளையே விரும்பினார்கள் என்பது. முன்னால் பார் இருக்கிறதே, பிள்ளையை உட்கார வைக்கலாம்! தண்ணீர்க் குடத்தைக் கட்டிக்கொண்டு போனார்கள், விளைந்ததை ஏற்றிப் போய் விற்றார்கள். கேலி பேசியவர்கள் பேசினார்கள். அதே மாவட்டத்தில் கல் உடைத்துக்கொண்டிருந்த பெண்களின் குழுக்களுக்கே குவாரி குத்தகை கொடுக்கப்பட்டது. குத்தகைக்காரர் ஆனால் கணக்குப் பார்க்க வேண்டும், லோடு எண்ண வேண்டும், ரசீது வாங்க வேண்டும். அங்கே எழுத்து உடனே வேலைக்கு வந்தது.

இவர்கள் யாருக்கும் தலைமைப் பண்பு என்று தனியாக ஒரு பீரியட் நடந்ததில்லை.

எங்கள் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். தொண்ணூறுகளின் கடைசியில் ஊரில் மகளிர் சுய உதவிக் குழு ஆரம்பித்தபோது, குழுவுக்கு ஓர் ஊக்குநரும் பிரதிநிதிகளும் வேண்டும் என்றார்கள். பேங்கில் கையெழுத்துப் போட வேண்டும், தீர்மான நோட்டைப் படித்துக் காட்ட வேண்டும். இருபது பேரில் அதைச் செய்யத் தெரிந்தவர்கள் நாலைந்து பேர். அதில் மூன்று பேர் ஊர் மடத்து ஆட்கள். அப்பத்தா பிரதிநிதி ஆனது அப்படித்தான். "நோட்டப் படிக்கத் தெரிஞ்சவதான தலைவி? இல்லாட்டி எவ என்னைய ஒக்கார வப்பா?" என்று கேட்கும். அருப்புக்கோட்டை பேங்கில் மேனேஜர் எதிரே நாற்காலியில் உட்கார்ந்ததை இன்றைக்கும் தேதி சொல்லாத குறையாக விவரிக்கும்.

இதை எழுதும்போதே இன்னொன்றையும் எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் கதை இனிப்பாகிவிடும். அப்பத்தாவுக்கு இன்றைக்குப் படிக்க வராது. கையெழுத்துப் போடும். பஸ் போர்டு படிக்கும். பேப்பரைக் கொடுத்தால் தலைப்பை எழுத்துக் கூட்டும், இரண்டாவது வரியில் மடித்து வைத்துவிடும். இயக்கம் ஓய்ந்த பிறகு மடத்தில் விளக்கு எரியவில்லை. தொண்டர் அக்காவைச் சாத்தூர்ப் பக்கம் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். தொடர்கல்வி என்று பிறகு சில ஏற்பாடுகள் இருந்தன. அப்பத்தாவின் கைக்கு எந்தப் புத்தகமும் வந்து சேரவில்லை. நாங்கள் படிக்கிற பாடத்தில் இதைத் தேய்மானம் என்போம். எந்த இயந்திரம் வாங்கினாலும் வருடா வருடம் தேய்மானத்துக்கு ஒதுக்கி வைக்க வேண்டும். எழுத்துக்கு ஒதுக்கவில்லை.

கியூபா ஒதுக்கியது. 1961-இல் அந்த நாட்டில் பள்ளிகளைச் சீக்கிரமே மூடிவிட்டு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பினார்கள். பாதிக்கு மேல் பெண் பிள்ளைகள். கையில் ஒரு விளக்கு, ஒரு புத்தகம். பகலில் அந்தக் குடும்பத்தோடு காட்டு வேலை, ராத்திரி பாடம். ஏழு லட்சம் பேர் எழுதப் படிக்கக் கற்றார்கள். இதெல்லாம் பலருக்கும் தெரிந்த கதை. அதிகம் பேசப்படாதது அடுத்த வருடம் நடந்தது: புதிதாகக் கற்றவர்களுக்குத் தொடர் வகுப்புகளை ஆரம்பித்து, ஆறாம் வகுப்பு வரை கொண்டுபோவதை அடுத்த இலக்காக வைத்தார்கள். பின்னாளில் கிழக்குத் திமோரில் கியூபா உதவியோடு எழுத்தறிவு இயக்கம் நடந்தபோதும், கியூபாவிலிருந்து போனவர்கள் ஆலோசகர்களாகத்தான் இருந்தார்கள். வகுப்பு எடுத்தது அந்தந்த ஊர் ஆட்கள். வெளிநாட்டுக்குப் போய்ச் சொல்லிக் கொடுப்பதையே நான் எதிர்க்கவில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

என் தோழியிடமும் இதைத்தான் சொன்னேன். "அந்த ஊர்ப் பாஷை தெரியாது. பதினஞ்சாவது நாள் நீ கிளம்பிருவ. பதினாறாவது நாள் அந்தப் பிள்ளைகளுக்கு யாரு?" அவள் கோபப்படவில்லை. "எங்களுக்கு வேற எப்படிடி உலகம் தெரியும்? நாங்களும் அருப்புக்கோட்டையத் தாண்டினதில்ல" என்றாள். நியாயமான கேள்வி. வசதியுள்ள நாட்டுப் பிள்ளைகள் மட்டும் உலகம் சுற்ற வேண்டும், நாம் ஊர் மடத்திலேயே இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? போகட்டும், பார்க்கட்டும். ஆனால் கணக்குப் பதிவியலில் முதல் வாரமே படித்தோமே, பெறுபவர் கணக்கைப் பற்று வை, தருபவர் கணக்கை வரவு வை என்று. அந்த இரண்டு வாரத்தில் பெறுபவர் இவள்தான். தருபவர்கள் அந்தப் பிள்ளைகள். நோட்டீசில் பதிவு தலைகீழாக இருக்கிறது, அவ்வளவுதான் என் ஆட்சேபணை.

உள்ளூரிலும் ஆள் தேவைப்பட்டபோது ஆள் கிடைத்திருக்கிறது. கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்து பிள்ளைகள் எழுத்தையே மறந்தபோது, 2021 அக்டோபரில் தமிழக அரசு "இல்லம் தேடிக் கல்வி" தொடங்கியது. மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. என் சித்தப்பா மகள் திண்ணையில் சாயங்காலம் இருபது பிள்ளைகளை வைத்து நடத்தினாள். சாக்பீசுக்கும் மிட்டாய்க்குமே பாதி போய்விடும் என்று அலுத்துக்கொள்வாள். அந்தப் பிள்ளைகள் இன்னும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். திரும்பிப் பார்க்கத்தான் செய்கிறாள்.

நான் கல்லூரியில் சேர்ந்ததிலிருந்து அப்பத்தா குழுவின் ரொக்கப் புத்தகத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன். சந்தா, உள்கடன், வட்டி, அபராதம். வருகிற ஜூனில் நான் சென்னைக்குப் போகிற மாதிரி இருக்கிறது. அதனால் இந்த மூன்று மாதமாக நான் எழுதுவதில்லை, பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன். ஐம்பது வயதைத் தாண்டிய இரண்டு பேர் எழுதுகிறார்கள். ஒருவர் முன்பு மடத்தில் படித்தவர், இன்னொருவர் எட்டாவதில் நின்றவர். "முந்நூறு" என்பதை ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு விதமாக எழுதுகிறார்கள். போன செவ்வாய்க்கிழமை கூட்டலில் நாற்பது ரூபாய் உதைத்தது. நான் வாயைத் திறக்கவில்லை. அரை மணி நேரம் தேடி, அபராதத்தை இரண்டு தடவை ஏற்றியிருப்பதை அவர்களே கண்டுபிடித்து அடித்துத் திருத்தினார்கள். அப்பத்தா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, விரலை வைத்து அந்த வரியை ஒருமுறை கூட்டிப் பார்த்துவிட்டுக் கீழே கையெழுத்துப் போட்டது.