உடந்தையின் அளவு

ஒப்புரவு அருட்சாதனத்தில் (பழைய வழக்கில் பாவசங்கீர்த்தனத்தில்) அமரும் கத்தோலிக்க அருள்பணியாளர் நெடுங்காலம் பழகிக் கைவரப்பெற வேண்டிய திறன், குற்றத்தை எடைபோடுவதற்கு முன் செய்யப்பட்டது இன்னதென்று திருத்தமாகச் சொல்லிக்கொள்வதாகும். வந்தவர் "தப்புப் பண்ணிட்டேன் சாமி" என்று தொடங்கும்போது எந்தத் தப்பு என்பது பெரும்பாலும் அவருக்கே தெளிவாக இருப்பதில்லை. 1997இல் சேலத்திலிருந்து பிரிக்கப்பட்டு, இன்று தருமபுரி, கிருஷ்ணகிரி இரு மாவட்டங்களையும் உள்ளடக்கிய தருமபுரி மறைமாவட்டத்தில், கர்நாடக எல்லையை ஒட்டிய ஓசூர்ப் பகுதியில் இத்தெளிவின்மைக்குத் தனி வடிவம் உண்டு. சிப்காட் வளாகமும் அசோக் லேலண்டு, டிவிஎஸ், டைட்டன் போன்ற பெருநிறுவனங்களும் வந்தபின் உதிரிபாகம் செய்யும் சிறு தொழிலகங்கள் பெருகிய இவ்வூரில், ஒரு செயல் பல கைகள் மாறியே நிறைவேறுவதால், எந்தக் கை எவ்வளவு பொறுப்பு என்பதே பங்குத்தந்தையின் முன் வரும் கேள்வியாகிவிடுகிறது.

அருட்சாதனத்தில் கேட்டது எதுவும் எக்காரணத்தாலும் வெளிவரலாகாது என்று திருஅவைச் சட்டத்தின் 983ஆம் பிரிவு விதிப்பதால், இங்கே ஆராயப்படுவது யாருடைய வாழ்விலிருந்தும் எடுக்கப்படாத, கற்பிக்கப்பட்ட எடுத்துக்காட்டே. பிரேக் பாகம் கடையும் சிறு தொழிலகம் ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் தரப் பரிசோதனையில் இருக்கிறார். குறித்த நேரத்துக்கு ஒருமுறை சில துண்டுகளை எடுத்து, துளைக்குள் பிளக் கேஜை விட்டு, ஒரு முனை நுழைகிறதா, நுழையக் கூடாத மறுமுனை நிற்கிறதா என்று பார்த்து அவர் தாளில் குறிக்க வேண்டும். இரவு ஷிஃப்டின் முடிவில் லாரி காத்திருக்கிறது, சூப்பர்வைசர் அவசரப்படுத்துகிறார், கேஜ் பெட்டியிலேயே கிடக்க, தொழிலாளி விட்டுப்போன கட்டங்களில் எல்லாம் "ஓகே" எழுதிக் கையெழுத்தும் போட்டுவிடுகிறார்.

1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருஅவையின் மறைக்கல்வி, ஒரு செயலின் அறத்தன்மை மூன்று ஊற்றுகளிலிருந்து பிறப்பதாகக் கூறுகிறது: செய்யப்படும் பொருள், அதாவது செயல் தன்னளவில் எது என்பது; செய்பவரின் நோக்கம்; சூழ்நிலை. மேலே கண்ட செயலின் பொருள் பொய்ச் சான்று; "வேலைக்குக் கீழ்ப்படிந்தேன்" என்று அதற்கு வேறு பெயர் சூட்ட இயலாது. வேலையைக் காத்துக் குடும்பத்தைக் காக்கும் நோக்கம் நல்லதே எனினும், நல்ல நோக்கம் தீய செயலை நற்செயலாக்காது என்பதில் தாமஸ் அக்குவினாஸ் முதல் இன்றுவரை மரபு தளர்ந்ததில்லை. சூழ்நிலை குற்றத்தைக் கூட்டவும் குறைக்கவும் செய்யும்: பாகம் பிரேக்குக்கு உரியது என்பது கூட்டுகிறது, நாளை "வர வேண்டாம்" என்று ஒப்பந்தக்காரர் ஒரு சொல்லில் நிறுத்திவிடலாம் என்ற அச்சம் செய்தவரின் பொறுப்பைக் குறைக்கிறது, செயலை மாற்றுவதில்லை. இந்த வேறுபாட்டைத் தவறவிடும் அருள்பணியாளர் ஏழையின் தலையில் பாறையை ஏற்றுவார், அல்லது "பரவாயில்லை" என்று சொல்லி அனுப்பிவிடுவார். இரண்டாவது தவறே இப்பகுதியில் மிகுதி என்று தோன்றுகிறது.

பொறுப்பைப் பங்கிட அறநெறி இறையியல் கையாளும் கருவி உடந்தை பற்றிய கோட்பாடு. தீச்செயலின் நோக்கத்தையே தானும் விரும்பிச் சேர்வது மனம் ஒப்பிய உடந்தை. அது எப்போதும் குற்றம். நோக்கத்தை விரும்பாமல் வேலை மட்டும் செய்துகொடுப்பது கை சேர்ந்த உடந்தை. அது தீமைக்கு எவ்வளவு அருகில் நிற்கிறது, தன் கை இல்லாவிட்டாலும் அது நடந்திருக்குமா, மறுத்தால் வரும் இழப்பு எவ்வளவு என்பவற்றைக் கொண்டு அளக்கப்படும். இவ்வளவைகளைப் பக்குவப்படுத்தியவர்களுள் ஒருவரான அல்போன்ஸ் லிகோரி (1696–1787) நேப்பிள்ஸ் நகரில் வழக்கறிஞராக இருந்துவிட்டு அருள்பணியாளர் ஆனவர். கடுமைவாதத்துக்கும் தளர்ச்சிவாதத்துக்கும் இடையே வழி தேடிய அவருடைய நிதானத்தில் நீதிமன்ற அனுபவத்தின் சாயலைக் காணலாம். பெட்டிகளை ஏற்றிய கூலியாளும் ஓட்டிச் சென்ற லாரிக்காரரும், உள்ளே நடந்ததை அறியாதவரை, குற்றத்தில் சேர்ந்தவரே அல்லர். கையெழுத்திட்டவரின் நிலை வேறு, ஏனெனில் அந்தக் கையெழுத்து இல்லாமல் சரக்கு நகராது. ஆயினும் பொய்யைக் கேட்டு வாங்கியவருடைய சுமை அவருடையதைவிடக் கனமானது.

கேட்டு வாங்குபவர்கள் இக்குற்றத்தைச் சொல்ல வருவது அரிது. வந்தால் கோபத்தையும் ஞாயிறு திருப்பலி தவறியதையும் சொல்லிப் போவார்கள்; தொழிலாளிக்கு இழைக்கும் அநீதி அந்தப் பட்டியலில் இராது. ஆகவே, தொழிலாளியின் கூலியைப் பிடித்துவைப்பது விண்ணை நோக்கிக் கூக்குரலிடும் பாவங்களுள் ஒன்று என்று அதே மறைக்கல்வி எண்ணுவதை மறையுரைகளில் அடிக்கடி சொல்ல வேண்டிய ஊர் இது.

முடிவைத் தொழிலாளிக்காக அருள்பணியாளர் எடுத்துவிட முடியாது. மனச்சான்றைப் பயிற்றுவிப்பதே திருஅவையின் பணி, அதன் இடத்தில் தான் அமர்வது அன்று என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2016இல் நினைவூட்டினார். ஆகவே பாவமன்னிப்புக்குப் பின்னும் ஒரு கேள்வி எஞ்சுகிறது: பரிசோதிக்காத கட்டத்தை அடுத்த முறை வெறுமையாக விட்டுவிட்டுப் பெயரெழுதும் துணிவு இவருக்கு உண்டா, இல்லையேல் பரிசோதனைப் பணியிலிருந்து விலகி வேறு பிரிவு கேட்க வழியுண்டா என்பது. அதை அவரே ஆராய்ந்து சொல்ல வேண்டும். ஏற்கனவே போன சரக்கின் காரியம் அவ்வாறு விடத்தக்கதன்று. செய்த தீங்கைத் தன்னால் இயன்றவரை சரிசெய்வது மன்னிப்புப் பெற்றவருக்கும் நீங்காத கடமை. அந்தப் பாகங்கள் வண்டியில் பொருத்தப்படுவதற்கு முன், பெயர் சொல்லியோ சொல்லாமலோ, வாங்கிய நிறுவனத்துக்குச் செய்தி போய்ச் சேர்ந்தாக வேண்டும்.