எழுபதிலும் பனிச்சறுக்கு

சுவிற்சர்லாந்தின் மியூரன், சுமார் 1,640 மீற்றர் உயரத்திலுள்ள மலைக்கிராமம். அங்கே கார்கள் ஓடுவதில்லை. 1931இல் முதலாவது உலக அல்பைன் பனிச்சறுக்குப் போட்டி இங்குதான் நடைபெற்றது. பெண்களும் பங்குபற்றினர். பிரித்தானியாவின் எஸ்மே மக்கின்னன் டவுன்ஹில், ஸ்லாலம் இரண்டிலும் வென்றார்.

சுவிஸில் வாழும் என் அக்காவின் அயலவர் ஓய்வுபெற்ற தாதி. வயது 71. ஒவ்வொரு பனிக்காலமும் இங்கு சறுக்க வருவார். நானும் கூடச் சென்றேன்.

இரவில் இயந்திரத்தால் சமப்படுத்திய அகன்ற சரிவுகளில், காலையில் மட்டுமே சறுக்குவார். கால்கள் சோருமுன் நிறுத்திவிடுவார். விழும்போது சப்பாத்தைப் பலகையிலிருந்து விடுவிக்கும் பூட்டு ஒன்றுண்டு. 50 வயதைக் கடந்தோருக்கு அது இலகுவாகக் கழலும்படி அமைப்பார்கள்.

கணவர் இறந்தபின், “இனி வேண்டாம் அம்மா” என்றார்களாம் பிள்ளைகள். “கவனமாயிரு என்றால் கேட்பேன். வீட்டிலேயே இரு என்றால் கேட்கமாட்டேன்” என்றாராம் இவர்.

அறுபது வயதானதும் “இனி எனக்கென்ன” என்று ஒதுங்கும் தாய்மாரையே என் பணியில் அதிகம் சந்திக்கிறேன். அவர்களை ஒதுங்க வைப்பது பெரும்பாலும் வயதல்ல, நமது சொற்கள்தான்.

நம்மூரில் பனியில்லை. ஆனால், மாலையில் கடற்கரைவரை நடக்க விரும்பும் அம்மாவிடம் “இந்த வயதில் எதற்கு?” என்று கேட்காமல், நல்ல செருப்பொன்று வாங்கிக் கொடுக்கலாமே!