கறுப்புத் தாளில் பங்குனி ஆமை

கறுப்புத் தாளில் அச்சடிக்கும்போது முதலில் விழுவது வெள்ளை. மஞ்சளை நேரடியாகக் கறுப்பின்மேல் இழுத்தால் அது மஞ்சளாக நிற்பதில்லை, பாசி பிடித்ததுபோல் மங்கிவிடுகிறது. அதனால் மஞ்சள் வரவேண்டிய இடங்களில் வெள்ளையை அடித்துக் காயவைத்து, பிறகு அதன்மேல் மஞ்சளை ஏற்றுகிறார்கள். "தாளே ராத்திரி சார். நாங்க அடிக்கிறது லைட்டை மட்டும்தான்" என்றார் அந்த ஸ்கிரீன் பிரிண்டிங் கூடத்தின் மூத்த தொழிலாளி. கையில் மையை இழுக்கும் ஸ்குவீஜி, நகக்கண்ணில் காய்ந்த மை. அப்போது அவர் அடித்துக்கொண்டிருந்தது ஒரு தெருவிளக்கு. அந்தப் புத்தகத்தின் வில்லன் அதுதான்.

தென்சென்னைப் புறநகரில் தகரக் கூரை போட்ட கூடம் அது. ஆறிலிருந்து ஒன்பது வயதுக் குழந்தைகளுக்காக 24 பக்கப் படப்புத்தகம் ஒன்று அங்கே தயாராகிக்கொண்டிருந்தது. கதை சின்னது. குப்பத்துச் சிறுமி ஒருத்தி இரவில் தாத்தாவோடு கடற்கரைக்குப் போகிறாள். மணலில் ஒரு தடம். தடத்தின் முடிவில் முட்டையிட வந்த பங்குனி ஆமை. பல வாரங்கள் கழித்துக் குஞ்சுகள் வெளியே வருகின்றன, ஆனால் கடலுக்குப் போகாமல் சாலைப் பக்கம் திரும்புகின்றன.

ஏன் திரும்புகின்றன என்பதுதான் புத்தகம். ஆமைக்குஞ்சுக்கு வழிகாட்ட யாரும் இல்லை. இருட்டில் நிலத்தைவிடக் கடற்பக்கத்து வானம் சற்று வெளுப்பாக இருக்கும், குஞ்சு அந்த வெளுப்பை நோக்கி ஓடும். கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் விளக்குகள் எரியத் தொடங்கிய பிறகு வெளுப்பு மேற்கே வந்துவிட்டது. சாலைக்குப் போன குஞ்சு நாய்க்கோ காக்கைக்கோ வண்டிச் சக்கரத்துக்கோ போகும். இதனால்தான் சென்னையில் 1988 முதல் தன்னார்வ மாணவர்கள், கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பு என்ற பெயரில், நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே இரவில் நடந்து முட்டைகளைச் சேகரித்து வேலியிட்ட பொரிப்பகத்தில் புதைத்துக் காக்கிறார்கள். அதற்கு முன்பே, எழுபதுகளின் தொடக்கத்தில், பாம்புப் பண்ணை ரோமுலஸ் விட்டேக்கரும் அவரோடிருந்த இளைஞர்களும் இந்த நடையைத் தொடங்கிவைத்தார்கள்.

எழுதியவர் ஒரு பள்ளி ஆசிரியை. அவருடைய முதல் பிரதியில், கடலில் இறங்கும் குஞ்சுகளுக்காகத் தாய் ஆமை அலைக்கு அப்பால் காத்திருந்ததாம். பதிப்பாசிரியர் அந்தப் பக்கத்தை முழுதாக அடித்துவிட்டார். பங்குனி ஆமை குழி தோண்டி, நூறு நூற்றிருபது முட்டைகளை இட்டு மூடிவிட்டுப் போனால் போனதுதான். முட்டை பொரிய 45 முதல் 60 நாள் ஆகும். தாய்க்கும் பிள்ளைக்கும் அறிமுகமே கிடையாது. "பிள்ளைங்க 'அம்மா எங்க?'ன்னு கேப்பாங்களே, நான் என்ன சொல்றது?" என்று ஆசிரியை வாதாடியிருக்கிறார். கடைசியில் அந்தக் கேள்வியைச் சிறுமியின் வாயிலேயே வைத்துவிட்டார்கள். தாத்தா "அவ போயிட்டாம்மா" என்கிறார். அடுத்த இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரே படம்: வெறும் கடல். எழுத்து இல்லை.

எனக்கு அந்தப் பக்கம் பிடித்திருந்தது. காட்டுயிர்களைப் பற்றித் தமிழில் குழந்தைகளுக்கு எழுதும்போது யானையைக் கண்ணீர்விட்டுக் கெஞ்சவைப்பதும், புலியை மேடையேற்றிப் பேசவைப்பதும் நமக்குப் பழக்கமாகிவிட்டது. பஞ்சதந்திர நரி பேசலாம், அது நரியைப் பற்றிய கதையே இல்லை. ஆமையைக் காப்பாற்றச் சொல்லும் புத்தகம் ஆமையைப் பற்றியே பொய் சொன்னால் அதை எதற்கு நம்பவேண்டும்?

வரைந்தவர் கவின்கலை படித்த இளம்பெண். அவருடைய டம்மிப் புத்தகத்தைப் பார்க்க ஊரூர் குப்பத்துப் பெரியவர் ஒருவரைத் தேடிப் போனபோது நானும் உடன் போனேன். வலைகள் கிடந்த நிழலில் உட்கார்ந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். தடம் வரைந்த பக்கத்தில் நின்றார்.

"இது நம்ம ஆமை இல்லம்மா."

"ஏன் தாத்தா?"

"இது ரெண்டு கையையும் ஒண்ணா ஊணி ஊணி வந்திருக்கு. பங்குனி ஆமை மாத்தி மாத்திப் போட்டு வரும். வலது கை, இடது காலு, அப்புறம் இடது கை."

அவர் சொன்னது சரி. ஓவியர் பார்த்து வரைந்த புகைப்படம் பச்சை ஆமையின் தடம். பச்சை ஆமை இரு துடுப்புகளையும் சேர்த்துத் தள்ளி நகரும், அதன் தடம் இரண்டு பக்கமும் ஒன்றுபோல விழும். பங்குனி ஆமையின் தடம் மாறி மாறி விழும். பெரியவர் அதோடு விடவில்லை. குழியை மூடிய பிறகு ஆமை என்ன செய்யும் என்று தெரியுமா என்று கேட்டுவிட்டு, எழுந்து நின்று உடம்பை இடமும் வலமும் சாய்த்து ஆடிக்காட்டினார். மண்ணை இறுக்க ஆமை தன் அடிவயிற்று ஓட்டால் மாறி மாறி இடிக்கும். முப்பத்தைந்து, நாற்பது கிலோ உடம்பு இடிக்கும் சத்தம் பக்கத்தில் நின்றால் கேட்கும். டம்மியில் இல்லாத அந்த ஆட்டம் இப்போது புத்தகத்தின் நடுப்பக்கம். பார்த்த குழந்தைகள் எல்லாம் அந்தப் பக்கத்தில்தான் எழுந்து ஆடுகிறார்கள் என்றார் ஆசிரியை.

ஆமை முட்டையிடும்போது அழும் என்றும் பெரியவர் சொன்னார். கண்ணருகே உள்ள சுரப்பி வழியாக உடம்பின் உப்பை வெளியேற்றும் நீர் அது. படத்தில் ஒரு சொட்டு வரைந்திருக்கிறார்கள், ஆனால் கதை அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. நல்ல முடிவு. பிறகு பெரியவர் தானாகவே, "சின்னப் புள்ளையில நாங்க அந்த முட்டையத் தின்னுருக்கோம்" என்றார். ஆசிரியை அதைக் குறித்துக்கொண்டார். புத்தகத்தில் தாத்தாவும் பேத்தியிடம் அதைச் சொல்கிறார்.

அச்சுச் செலவில் ஒரு பகுதியைத் தர முன்வந்த நிறுவனம் ஒன்றுக்கு இந்த வரிதான் உறுத்தியது. முட்டையைத் தின்ற தாத்தா நல்ல முன்மாதிரி இல்லையாம். கடைசிப் பக்கத்தில் 'ஆமைகளைக் காப்போம், இயற்கையை நேசிப்போம்' என்று பெரிய எழுத்தில் போடவேண்டும் என்பது இரண்டாவது கோரிக்கை. பதிப்பாசிரியர் பேரம் பேசினார். தாத்தாவின் வரி தப்பித்தது, வாசகம் பின்னட்டையின் உட்புறத்துக்குப் போனது. பேரம் பரவாயில்லை என்றே நினைக்கிறேன். தின்றவர் காவல் காக்கிறார் என்பதைவிட வலுவான வாசகம் எதுவும் அந்த நிறுவனத்திடம் இருந்திருக்காது. கதையின் கடைசிப் படத்தில் சிறுமி வீட்டுத் திண்ணை விளக்கை அணைக்கிறாள், அவ்வளவுதான்.

மறுபடி அச்சுக்கூடத்துக்கு வருகிறேன். ஒரு படம் நான்கு நிறமாகப் பிரிந்து நான்கு பாசிட்டிவ் ஃபிலிமாக வருகிறது. ஃபிரேமில் இழுத்துக் கட்டிய மெஷ்ஷின்மேல், மங்கிய மஞ்சள் விளக்கு எரியும் அறையில், எமல்ஷன் பூசிக் காயவைக்கிறார்கள். அதன்மேல் ஃபிலிமை வைத்து வெளிச்சம் காட்டினால் ஒளி பட்ட இடம் இறுகிவிடும். ஃபிலிமின் கறுப்பு மறைத்த இடம் மட்டும் தண்ணீரில் கழுவும்போது கரைந்து திறந்துகொள்ளும். மை இறங்குவது அந்தத் திறப்பு வழியாக. ஒரு நிறம் முழுக்க அடித்து முடித்து, காய்ந்து, அடுத்த ஃபிரேமை மாட்டி மறுபடி முதல் தாளிலிருந்து தொடங்கவேண்டும். மேஜையில் ஒட்டிய மூன்று சின்னக் கட்டைகளில் தாளின் இரண்டு ஓரமும் ஒவ்வொரு முறையும் சரியாக முட்டி நிற்கவேண்டும். இதற்குப் பெயர் ரெஜிஸ்டர். அரை மில்லிமீட்டர் நகர்ந்தால் மஞ்சளுக்கு ஓரத்தில் வெள்ளை பிசிராக எட்டிப்பார்க்கும்.

தாளும் சும்மா இருப்பதில்லை. இது பருத்திக் கழிவில் செய்த கைத்தாள். காற்றின் ஈரத்தை உறிஞ்சி விரிகிறது, வெயிலில் சுருங்குகிறது. ஐப்பசி, கார்த்திகையில் காலையில் அடித்த வெள்ளையும் மாலையில் அடித்த மஞ்சளும் பொருந்தாமல் போவதுண்டு. "மழை நாள்ல நுணுக்கமான ஜாப்பைத் தொடமாட்டோம் சார், பெரிய பெரிய பேட்சா இருக்கறத அடிச்சுக்குவோம்" என்றார் மூத்தவர். கடற்கரை வானமும் மணலும் மழைக்கு, ஆமையின் முகமும் விளக்கும் வெயிலுக்கு என்று பக்கங்களைப் பிரித்துவைத்திருந்தார்கள்.

ஒரு நாள் அவர் ஓவியரைக் கூப்பிட்டு, ஃபிலிமில் தப்பு இருக்கிறது, ஆமை ஓட்டில் இடப்பக்கம் ஆறு தகடும் வலப்பக்கம் ஏழும் இருக்கிறதே என்று கேட்டிருக்கிறார். தப்பு இல்லை. பச்சை ஆமைக்குப் பக்கத்துக்கு நாலே தகடு, பங்குனி ஆமைக்கு ஆறும் அதற்கு மேலும் இருக்கும், இரு பக்கமும் எண்ணிக்கை ஒத்துப்போகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அந்தப் புத்தகத்தின் ஆமைத் தகடுகளை எண்ணிப் பார்த்த முதல் வாசகர் அவராகத்தான் இருக்கவேண்டும்.

கணக்கைப் பாருங்கள். ஒரு தாளின் ஒரு பக்கத்தில் புத்தகத்தின் நான்கு பக்கங்கள் அடங்கும். 24 பக்கத்துக்கு மூன்று தாள், இரு புறமும் சேர்த்து ஆறு முகம், முகத்துக்கு நான்கு நிறம். ஒரு பிரதிக்கு 24 இழுப்பு. ஆயிரம் பிரதிக்கு 24,000 இழுப்பு, அட்டையும் கழிவுத் தாளும் தனி. ஒவ்வொரு இழுப்பும் தோளிலிருந்து வருகிறது.

அடித்த தாளை எடுத்து ரேக்கில் அடுக்குவதும், காய்ந்ததைச் சரிபார்ப்பதும், மடித்துத் தைப்பதும் பெண்கள். சரிபார்க்கும் அக்கா ஒவ்வொரு தாளையும் ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கிறார். ஆமையின் கண் என்பது வெள்ளை மைக்கு நடுவில் விட்டுவைத்த தாளின் கறுப்பு, மிளகளவுகூட இல்லை. மை கொஞ்சம் இளகினால் அது மூடிவிடும். "கண்ணு அடைஞ்சுபோச்சு" என்று தாளை ஒதுக்கிப் போடுகிறார். ஆமையை நேரில் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டேன். "செத்ததைத்தான் பாத்திருக்கேன்" என்றார். 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் நூற்றுக்கணக்கில் ஆமைகள் செத்து ஒதுங்கியபோது பார்த்ததாம்.

புத்தகம் தொடாத இடம் இதுதான். ஆமை நுரையீரலால் மூச்சுவிடும் பிராணி. இழுவை வலையில் சிக்கி மேலே வர முடியாமல்போனால் மூழ்கிச் செத்துவிடும். கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகுகள் மீன்பிடிக்கக்கூடாது என்பது தமிழ்நாட்டுச் சட்டம். சிக்கிய ஆமை வெளியேற வலையில் வழிவைக்கும் கருவியும் இருக்கிறது. தெருவிளக்கை வில்லனாக்குவது சுலபம், அது யாருக்கும் அப்பா இல்லை. விசைப்படகில் வேலைக்குப் போகிறவர் இந்தப் புத்தகத்தைப் படிக்கும் ஏதோ ஒரு பிள்ளைக்கு அப்பா. "அது இன்னொரு புத்தகம்" என்றார் ஆசிரியை. இருக்கலாம். ஆனால் அந்த இன்னொரு புத்தகத்தை யாரும் எழுதத் தொடங்கியதாகத் தெரியவில்லை. முட்டை தின்ற தாத்தாவை எழுதத் துணிந்தவர் வலையையும் எழுதலாம்.

விலைதான் அடுத்த சங்கடம். கறுப்புக் கைத்தாளில் ஸ்கிரீன் பிரிண்டில் படப்புத்தகம் செய்யமுடியும் என்பதைச் சென்னை தாரா புக்ஸ் 2006இல் 'தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்' மூலம் காட்டிவிட்டது. கோண்டு ஓவியர்கள் பஜ்ஜு ஷ்யாம், துர்கா பாய், ராம் சிங் ஊர்வேதி வரைந்த அந்த மரங்களுக்கு 2008இல் போலோன்யா குழந்தைகள் புத்தகக் கண்காட்சியின் விருதும் கிடைத்தது. இப்படிக் கையால் செய்கிற புத்தகத்தை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் சேகரிப்பாளர்களும் வெளிநாட்டுக் கடைகளும்தான். ஊரூர் குப்பத்துக் குழந்தை வாங்கமுடியாது. எனவே சிவகாசியில் ஆஃப்செட்டில், தமிழில், மலிவுப் பதிப்பு ஒன்றும் தயாராகிறது.

அங்கே சிக்கல் தலைகீழ். வெள்ளைத் தாளில் இரவை அடிக்கவேண்டும். கறுப்பு மையை மட்டும் போட்டால் சாம்பல் தட்டும், ஆழம் வர நீலத்தையும் சேர்த்து அடிக்கவேண்டும். அந்தக் கறுப்புக்குள் வெள்ளையாக விட்ட எழுத்தில் மை பரவினால் முதலில் மறைவது புள்ளி. 'கடல்' என்பது 'கடல' ஆகிவிடும், இப்போதுதான் எழுத்துக் கூட்டும் குழந்தை அங்கேயே தடுக்கி நிற்கும். பருமனான எழுத்துரு, புள்ளியைச் சற்றுப் பெரிதாக்கிய வடிவம், மிகச் சிறிய எழுத்தே வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். முதல் புரூஃபில் நான் பார்த்த ஆமையின் கண் அடையவில்லை.

பள்ளி நூலகத்துக்கும் பொது நூலகத்துக்கும் புத்தகம் தேர்ந்தெடுக்கும் இடத்தில் இருப்பவர்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். பின்னட்டையில் எத்தனை நல்ல வாசகங்கள் இருக்கின்றன என்று பார்க்கவேண்டாம். உள்ளே வரைந்திருக்கும் பிராணியை அது வாழும் ஊர்க்காரர் யாரிடமாவது காட்டி, சரியாக இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.