நாங்கள் சண்டை பழகிய கதை

இதை எழுதுவதா விடுவதா என்று நாங்கள் இருவரும் இரண்டு கிழமை கதைத்தோம். நாற்பது வயது தாண்டிய தாயும் தகப்பனும் பிள்ளையின் வீடியோ விளையாட்டைப் பழகிய கதையைக் கேட்டால் கோயிலடியில் காண்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரித்தால் சிரிக்கட்டும். புதிதாக வந்திருக்கும் குடும்பங்களில், எங்களைப் போலச் சாத்திய அறைக் கதவொன்றைப் பார்த்துக்கொண்டு இருக்கிறவர்கள் சிலர் இருக்கக் கூடும்.

நாங்கள் 2018 மாரியில் ரொறன்ரோவுக்கு வந்தோம். ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்ற். மகனுக்கு அப்போது ஒன்பது வயது. எங்களில் அப்பாவுக்கு இரவு வேலை, அம்மாவுக்குப் பகல் வேலை. பாவித்த பிளேஸ்ரேஷன் ஒன்றை வாங்கிக் கொடுத்ததே, நாங்கள் இல்லாத நேரம் அவன் வெளியே திரியாமல் இருக்கட்டும் என்றுதான். 2023 ஜூனில் ஸ்றீற் ஃபைற்றர் 6 வந்தது. பள்ளிக்கூடத்தில் அவனுடைய பெடியன்கள் எல்லோரும் அதுதான். அவனும் அதுதான்.

ஒருநாள் இரவு சாப்பிட மூன்று தரம் கூப்பிட்டும் அவன் வரவில்லை. வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்த எங்களில் அப்பா போய் வயரைப் பிடுங்கி விட்டார். அந்த ஆட்டம் வென்றிருந்தால் அவன் அடுத்த படிக்கு ஏறியிருப்பானாம். இடையில் நின்றால் தோல்விக் கணக்கு. இது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. அதற்குப் பிறகு பத்தொன்பது நாள் "ஓம்", "இல்லை" என்பதைத் தவிர வீட்டில் அவன் வாயிலிருந்து வேறு சொல் வரவில்லை.

இருபதாம் நாள் எங்களில் அம்மா போய்ப் பக்கத்தில் இருந்து, "தம்பி, எனக்கும் ஒருக்கால் காட்டித் தாவன்" என்றார். அவன் முகத்தைத் திருப்பாமலே கொன்ரோலரை நீட்டினான்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறோம். ஜப்பானின் கப்கொம் நிறுவனம் 1991இல் வெளியிட்ட ஸ்றீற் ஃபைற்றர் 2தான் உலகமெங்கும் இந்த வகை விளையாட்டைப் பரப்பியது. இருவர் எதிரெதிரே நின்று அடிபடுவார்கள். பார்த்தால் கண்மண் தெரியாத அடிதடி. உள்ளே போனால் நாங்கள் சின்னனில் விளையாடிய கல், கடதாசி, கத்தரிக்கோல். அடியை மறிக்கலாம். மறித்துக்கொண்டே நிற்பவனைப் பிடித்து எறியலாம். பிடிக்க வருகிறவனை முந்தி அடிக்கலாம். ஒரு செக்கனை 60 பங்காக்கி, எந்த அடி எத்தனை பங்கில் போய்ச் சேரும் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். பயிற்சிப் பகுதியில் அந்தக் கணக்கைத் திரையிலேயே பார்க்கலாம். கணக்குப் படித்த எங்களில் அம்மாவுக்கு இது பிடித்துப் போயிற்று.

எங்களில் அப்பா, தல்சிம் என்ற தாடிக்காரரைத்தான் எடுப்பேன் என்று நின்றார். இந்தியாவைச் சேர்ந்த யோகி, கையும் காலும் றப்பர் போல நீளும். "எங்கடை ஆள் அல்லோ" என்றார். "அப்பா, அவர் பழகிறவைக்குக் கஷ்டம்" என்றான் மகன். பத்தொன்பது நாளுக்குப் பிறகு தகப்பனுக்கு அவன் சொன்ன முதல் முழு வசனம் அதுதான். அப்பா கேட்கவில்லை. ஒரு மாதத்தில் இரண்டே இரண்டு ஆட்டம் வென்றார்.

தொடங்குகிறவர்கள் எல்லோரும் விடுகிற பிழையை நாங்களும் விட்டோம். நெருப்புப் பந்து எறிய வேண்டும், தொடர்ச்சியாகப் பத்து அடி அடிக்க வேண்டும் என்று ஆசை. கீழ், சரிவு, முன் என்று விரலை உருட்டிக் குத்து பட்டனை அமத்தினால் பந்து போகும். பத்துத் தரத்தில் ஒருதரம் போனது. ஒரே பட்டனில் வித்தை வருகிற எளிய முறையும் இதில் இருக்கிறது, வெட்கப்படாமல் அதிலேயே தொடங்கலாம். ஆனால் நாங்கள் தோற்றது பந்து எறியத் தெரியாததால் அல்ல.

அது எப்படித் தெரிந்தது என்றால், எங்களில் அம்மாவுக்குக் கொப்பி எழுதும் பழக்கம். ஊரில் கடைக் கணக்கு எழுதிய கை. ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு வரி, ஏன் தோற்றேன் என்று. விளங்காவிட்டால் ஆட்டத்தைத் திருப்பிப் போட்டுப் பார்த்து எழுதுவார். அந்த வசதியும் இருக்கிறது. இருபது தோல்வி எழுதிய பிறகு எண்ணிப் பார்த்தால், பதின்மூன்றில் ஒரே வசனம்: "குதிச்சு வந்தான், பார்த்துக்கொண்டு நிண்டனான்."

குதித்து வருகிறவனை விழுத்த றியூ என்ற ஆளுக்குப் பெரிய வித்தை தேவையில்லை. குந்தியபடி பலமான குத்து ஒன்று, அது மேல்நோக்கிப் போகும். பயிற்சிப் பகுதியில் எதிராளியைச் சிலவேளை குதிக்கவும் சிலவேளை சும்மா நிற்கவும் மகன் பதிந்து கொடுத்தான். எப்போது குதிப்பான் என்று தெரியாது. ஒவ்வொரு நாளும் சோறு வேகும் நேரம் பத்து நிமிடம் இது மட்டும். முதல் நாள் பத்துக்கு மூன்று. கிழமை முடிவில் ஏழு. வேறு ஒன்றும் பழகவில்லை, ஆனால் வெற்றிகள் வரத் தொடங்கின. கொப்பியில் அடுத்த பெரிய வசனம் என்னவென்று பார்த்தோம்.

எங்களில் அப்பாவின் வருத்தம் வேறு. அவருக்குப் பயம் வந்தால் கை சும்மா இராது. விழுந்து எழும்பும்போது எல்லாப் பட்டனையும் அமத்துவார். எதிராளி அதற்காகவே காத்திருந்து அடிப்பான். "எழும்பேக்கை மறியுங்கோ அப்பா, ஒண்டும் அமத்தாதேங்கோ" என்று மகன் நூறு தரம் சொல்லியிருப்பான். அடி வரும்போது ஒன்றும் செய்யாமல் இருப்பது எங்களைப் போன்றவர்களுக்கு லேசில்லை என்று அப்பா சொன்னார். அதற்கு மேல் அவர் அதைப்பற்றிக் கதைக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. தல்சிமை விட்டுக் கென்னுக்கு மாறிய பிறகு கொஞ்சம் திருந்தினார்.

ஊரிலிருந்து அம்மம்மா போனில், "சண்டைக்குப் பயந்து ஓடிப்போய், அங்கை காசு குடுத்துச் சண்டை வாங்குறியளோ?" என்று கேட்டா. மறுமொழி எங்களிடம் இருக்கவில்லை. பேரன்தான் வாங்கி, பாகிஸ்தான்காரர் அர்ஸ்லான் ஆஷின் கதையைச் சொன்னான். லாகூரில் கடைகளில் விளையாடிப் பழகியவர். 2019இல் ஜப்பானில் நடந்த பெரிய போட்டிக்கு விசாப் பிரச்சினை, விமானப் பிரச்சினை எல்லாம் பட்டுப் போய்ச் சேர்ந்து, டெக்கன் 7 என்ற சண்டை விளையாட்டில் முதலாவதாக வந்தார். அதே ஆண்டு அமெரிக்காவிலும் வென்றார். பிறகு கொரியாவின் பேர்போன ஆட்டக்காரர் ஒருவர் லாகூருக்கே போய் அங்கத்தைய பெடியன்களோடு மோதிப் பார்த்தார். விசாக் கதை என்றதும் அம்மம்மா முழுவதும் கேட்டா.

அப்பா மகனிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் தகப்பன்மாருக்கு அது வராது. ஒருநாள் இரவு வேலைக்கு வெளிக்கிடும்போது, "உது ஒண்டு முடிய எவ்வளவு நேரம்?" என்று மட்டும் கேட்டார். ஒரு சுற்று 99 எண்ணும் வரை, மூன்று சுற்றில் இரண்டு வென்றால் முடிவு, பெரும்பாலும் ஐந்து நிமிடத்துக்குள். இப்போது வீட்டில், "இது முடிய வா" என்றுதான் சாப்பிடக் கூப்பிடுவது. அவனும் வருகிறான். உங்கள் வீட்டிலும் இந்த ஐந்து நிமிடக் கணக்கைக் கேட்டுத் தெரிந்து வையுங்கள். விளையாட்டுத் தட்டுகளைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும் என்றும் இல்லை. ரொறன்ரோ பொது நூலகம் இரவல் தருகிறது.

2024 வசந்தத்தில் எங்கள் பகுதி மண்டபம் ஒன்றில் சிறிய போட்டி வைத்தார்கள். மகன் எங்களிடம் கேளாமலே அம்மாவின் பெயரையும் கொடுத்து விட்டான். இரண்டு தரம் தோற்றால் வெளியே. அம்மா இரண்டு தரமும் தோற்றார், முதலாவதில் ஒரு சுற்று எடுத்து. எதிரே இருந்த பெடியன் எழும்பிக் கைகொடுத்து, எத்தனை வருடமாக விளையாடுகிறீர்கள் என்று கேட்டான். ஆறு மாதம் என்றதை அவன் நம்பவில்லை. மகன் நாலு ஆட்டம் வென்று பிறகு தோற்றான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவன் கொப்பியைக் கேட்டு வாங்கினான். தன்னுடைய தோல்வியை எழுதுவான் என்று நினைத்தோம். வீட்டுக்கு வந்து விரித்துப் பார்த்தால், தமிழில், ற வரவேண்டிய இடத்தில் ர போட்டு, அம்மாவின் பக்கத்தில் இப்படி எழுதியிருந்தது: "குதிச்சு வந்தவனை 9 தரம் விளுத்தினவ. தோத்தது எரியிரதுக்கு. நாளைக்கு அது பளகுவம்."