பாயிண்டா, எலெக்ட்ரானிக்கா?

பழைய மோட்டார் கார் வைத்திருப்பவன் வீட்டுக்கு யோசனை சொல்ல வருகிறவர்களுக்குக் குறைவே இல்லை. பெண்ணுக்கு வரன் பார்க்கிற வீட்டில்கூட அவ்வளவு பேர் வந்து போகமாட்டார்கள். "இன்னும் பாயிண்ட்தானா? எலெக்ட்ரானிக் போட்டுவிடுங்கள் சார், நிம்மதி!" என்கிறார் ஒருவர். அவர் படியிறங்குவதற்குள் இன்னொருவர் ஏறி வந்து, "அந்தக் காரியம் மட்டும் செய்துவிடாதீர்கள். பழைய காருக்குப் பழைய சாமான்தான் அழகு" என்கிறார். இருவருக்கும் காப்பி கொடுத்து அனுப்ப வேண்டியிருக்கிறது.

என்னிடம் இருந்தது 1972-ஆம் வருஷத்து அம்பாஸடர், மார்க் 2. கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தரபாராவில் 2014 வரை தயாரான வண்டி. அதன் மூதாதை இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு. கண்காட்சியில் வைத்து மாலை போடுவதற்காக நான் அதை வைத்திருக்கவில்லை. காய்கறி வாங்க, கல்யாணத்துக்குப் போக, ரயிலடிக்குப் போய் உறவினரை அழைத்து வர, தெருவில் ஓடின வண்டி. ஓடுகிற வண்டிக்குத்தான் இந்தப் பிரச்னையே. ஷெட்டில் துணி போர்த்திக்கொண்டு நிற்கும் வண்டிக்கு எந்தப் பொறி இருந்தால் என்ன?

நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். இயந்திர சாஸ்திரம் படித்தவன் அல்ல. ஆனாலும் ஒரு வண்டியோடு நெடுங்காலம் குடித்தனம் நடத்தினால் அதன் குடும்ப ரகசியங்கள் கொஞ்சமாவது தெரிந்துவிடும். வாசகர்கள் சற்றுப் பொறுமையாக இருந்தால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சிலிண்டருக்குள் பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்து, நெருக்கப்பட்டுத் தயாராக நிற்கும். பற்றவைக்க ஒரு பொறி வேண்டும். பாட்டரியில் இருப்பதோ வெறும் 12 வோல்ட். பிளக்கின் முனையில் உள்ள சின்னஞ்சிறு இடைவெளியைத் தாண்டிக் குதிக்க அதற்குத் திராணி கிடையாது. ஆயிரக்கணக்கான வோல்ட் வேண்டும். அப்படிப் பெருக்கிக் கொடுப்பது காயில். இதிலே ஒரு விசித்திரம். காயிலில் கரண்ட் சாதுவாகப் பாய்ந்துகொண்டிருக்கும்வரை ஒன்றுமே நடக்காது. அதைச் சட்டென்று நிறுத்தினால், அந்தக் கணத்தில்தான் பெரிய வோல்ட் பிறக்கிறது. அந்த நிறுத்துகிற உத்தியோகம்தான் பாயிண்டுக்கு.

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்தால் பார்க்கலாம்: மிளகளவுள்ள இரண்டு உலோக முகங்கள், ஒன்றையொன்று தொட்டுத் தொட்டு விலகும். எஞ்சின் நிமிஷத்துக்கு 3000 சுற்றுச் சுற்றினால், நாலு சிலிண்டர் வண்டியில் இவை வினாடிக்கு 100 தடவை பிரிந்து சேர வேண்டும். முழுதாய் விலகி நிற்கும்போது இடைவெளி 0.015 அங்குலம். பிரியும்போது நடுவிலே தீ பாய்ந்து முகம் கருகாமல் காப்பது கண்டென்சர் என்ற சிறு குப்பி.

இதை மோட்டாருக்கு ஏற்ற விதத்தில் அமைத்தவர் சார்லஸ் கெட்டரிங் என்ற அமெரிக்கர். ஒஹையோ மாநிலத்தில் டேட்டன் என்ற ஊரில், ஒரு நண்பர் வீட்டு வைக்கோல் கொட்டகையில் வேலை செய்து உருவாக்கினார். 1910-ஆம் வருஷத்துக் காடிலாக் காரில் அது வந்தது. ஏறக்குறைய அறுபது வருஷம் உலகத்துக் கார்களில் பெரும்பாலானவை அந்தக் கொட்டகைப் பொறியில்தான் ஓடின.

பாயிண்டின் குறை என்ன? தேய்மானம். உலோக முகங்கள் கருகிக் குழி விழும். சுழலும் காமின்மேல் உரசுகிற குதிகால் தேயத் தேய, இடைவெளி குறைந்து, பொறி தாமதமாக விழும். வண்டிக்கு இழுவை போகும். பெட்ரோல் அதிகம் குடிக்கும். காலையில் கிளப்பினால் முனகும். ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவையாவது திறந்து பார்க்க வேண்டும். ஆனால் ஒன்று: அது சொல்லாமல் சாகாது. பல நாள் இருமி, முனகி, வைத்தியரைக் கூப்பிடச் சொல்லிவிட்டுத்தான் படுக்கும். ஒரு மழைக்கால இரவில் மதுராந்தகத்துக்குப் பக்கத்தில் என் வண்டி நின்றபோது, மோட்டாரே ஓட்டியறியாத சைக்கிள் கடைக்காரர் ஒருவர், ஒரு துண்டு உப்புத்தாளால் பாயிண்டைத் தேய்த்து என்னைச் சென்னைக்கு அனுப்பிவைத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

எலெக்ட்ரானிக் ஆசாமியின் குணம் வேறு. அமெரிக்காவின் கிரைஸ்லர் கம்பெனி 1973 மாடல் கார்களிலேயே பாயிண்டுக்கு விடை கொடுத்துவிட்டது. பழைய வண்டிக்குப் போடுவதற்கும் இப்போது மூன்று விதங்களில் கிடைக்கிறது. ஒன்று, பாயிண்டை அப்படியே வைத்துக்கொண்டு, சுமையை மட்டும் வெளியே ஒரு டிரான்ஸிஸ்டர் பெட்டி தாங்குவது. இரண்டாவது, பாயிண்டை எடுத்துவிட்டு அதே இடத்தில் காந்த வளையமும் அதை உணரும் சின்னக் கட்டியும் பொருத்துவது. மூடியை மூடினால் வெளியே ஒன்றும் தெரியாது. மூன்றாவது, டிஸ்ட்ரிபியூட்டரையே தூக்கி எறிந்துவிட்டு, கைப்பேசியிலேயே டைமிங் மாற்றக்கூடிய புது டிஸ்ட்ரிபியூட்டர் வைப்பது. உரசல் இல்லாததால் தேய்மானம் இல்லை. ஒரு தடவை டைமிங் வைத்தால் அப்படியே நிற்கும். ஆனால் சாக வேண்டுமென்றால், "போய் வருகிறேன்" என்றுகூடச் சொல்லாது. நண்பர் ஒருவர் எஞ்சினை நிறுத்திவிட்டுச் சாவியை மட்டும் திருப்பி வைத்துக்கொண்டு ரேடியோ கேட்டார். அரை மணியில் கட்டி சுட்டுப்போயிற்று. நடுப்பகலில் வண்டியை லாரியில் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். பாட்டரி வயரை மாற்றிக் கொடுத்தாலும் அதே கதிதான். பழைய பிரிட்டிஷ் வம்சத்து வண்டிகளில் பாஸிட்டிவ்வை எர்த் செய்தவையும் உண்டாகையால், அதைப் பாராமல் கை வைக்கக் கூடாது.

இவ்வளவும் தெரிந்தும் வருஷக்கணக்காக நான் பாயிண்டையே வைத்திருந்ததற்குக் காரணம் ரசனை அல்ல; ஒரு மனிதர். புதுப்பேட்டைக்குப் பக்கத்தில் சந்து ஒன்றில் பட்டறை வைத்திருக்கும் பெரியவர். கேஜ் இல்லாமல், காதாலேயே இடைவெளி வைப்பார். என் வண்டியின் பொறி அவர் விரல் நுனியில் இருந்தது.

சென்ற வருஷம் என் மகளுக்கு வேலூரில் கல்லூரி ஆசிரியை வேலை கிடைத்தது. "அப்பா, வண்டியை நான் எடுத்துக்கொண்டு போகிறேன். நீங்கள்தான் இப்போது ஓட்டுவதில்லையே" என்றாள். அது நிஜம். ஆனால் வேலூருக்கும் சென்னைக்கும் நடுவே ஏறக்குறைய 140 கிலோமீட்டர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வகுப்பு முடித்துக் கிளம்பினால், இருட்டில்தான் வந்து சேருவாள். தனியாக வருவாள். அதுவரை அழகு, மரபு என்றெல்லாம் பேசிக்கொண்டிருந்த என் வாய் அன்றைக்கு மூடிக்கொண்டது.

பெரியவரிடம் போனோம். பாயிண்டை விட்டுக்கொடுக்க மாட்டார் என்றுதான் எதிர்பார்த்தேன். அவர் முதலில் டிஸ்ட்ரிபியூட்டர் தண்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். "இது ஆடுதா பாருங்க சார். புஷ் போயிருந்தா எதைப் போட்டாலும் தண்டம். இது ஆடலை" என்றார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டே, "எலெக்ட்ரானிக்கே போட்டுடுங்க" என்றார்.

"நீங்களா இப்படிச் சொல்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

"பின்னே? பாப்பா வேலூர்லே நின்னா நான் எப்படி வர்றது சார்? இப்ப வர்ற கண்டென்சரும் முன்னே மாதிரி இல்லே. ஒண்ணு ரெண்டு வருஷம் ஓடுது, ஒண்ணு ரெண்டு நாள்லே போவுது. என் கையும் நடுங்குது" என்று கையை நீட்டிக் காட்டினார். நடுங்கத்தான் செய்தது.

அந்த நிமிஷத்தில் எனக்கு விஷயம் விளங்கிற்று. பாயிண்ட் என்பது ஒரு சாமான் மட்டும் அல்ல. அதைத் திறந்து பார்க்கிற கையும் சேர்ந்துதான் அது. எந்தப் பொறி வலுவானது என்பது இரண்டாவது கேள்வி. நடு வழியில் நின்றால் யார் வருவார்கள் என்பதுதான் முதல் கேள்வி. யாராவது வருவார்கள் என்றால் பாயிண்டே போதும். வரமாட்டார்கள் என்றால் தேயாததைப் போட வேண்டும். அது நின்றால் என்ன செய்வது என்பதையும் கூடவே யோசித்துவிட வேண்டும்.

பெரியவர் யோசித்திருந்தார். மூன்று விதங்களில் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். முதலாவதில் குதிகால் தேய்வது தொடரும். மூன்றாவது கெட்டால் வழியில் ஒன்றும் செய்ய முடியாது. வண்டியில் இருந்த 3 ஓம் காயிலை மாற்றவில்லை. அது இரண்டு முறைக்கும் பொருந்தும். பிளக் வயர்களை மட்டும் மாற்றினார். வெறும் செம்புக் கம்பி வயர் எலெக்ட்ரானிக் கட்டியைக் குழப்புமாம். கழற்றிய பழைய தட்டில் நல்ல பாயிண்டும், சோதித்துப் பார்த்த கண்டென்சரும் பொருத்தி, இடைவெளியும் வைத்து, ஒரு பிஸ்கட் டின்னில் போட்டார். அதோடு ஒரு ஸ்குரூ டிரைவர், ஒரு டார்ச் லைட்.

பிறகு என் மகளைக் கூப்பிட்டு, "கண்ணு, இப்ப நீ கழட்டு" என்றார். இரண்டு திருகு, ஒரு கொக்கி, காந்த வளையம், வயர் மாற்றல். முதல் தடவை அவளுக்கு முக்கால் மணி ஆயிற்று. திருகு ஒன்று கீழே விழுந்து அதைத் தேடியதில் பாதி நேரம் போயிற்று. "மூணு திருகு எக்ஸ்ட்ரா வைக்கிறேன்" என்று சொல்லி டின்னில் போட்டார் பெரியவர். அன்று மாலைக்குள் நாலு தடவை கழற்றி மாட்டினாள். நான் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என்னை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

வண்டி இப்போது வேலூரில் இருக்கிறது. கட்டி இதுவரை கெடவில்லை. ஆனாலும் மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் பழைய தட்டை மாட்டித் தெருவைச் சுற்றி வந்துவிட்டு, திரும்பவும் மாற்றி வைக்கிறாள். மாற்றி முடித்ததும் டெலிபோன் எனக்கு வருவதில்லை, புதுப்பேட்டைக்குப் போகிறது. போன தடவை நான் பட்டறையில் இருந்தபோதே கூப்பிட்டாள்.

"இருபத்திரண்டு நிமிஷம், தாத்தா!"

"இருபதுக்குள்ளே வரணும் கண்ணு" என்று சொல்லிவிட்டு, பெரியவர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.